வெயில் படாத இடத்தில் பாருங்கள்: நம் தோலுக்கு வரும் புற்றுநோயின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு நாம பேசப்போறது தோல் புற்றுநோயோட வரலாறு. "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதியாச்சே, நமக்கெதுக்கு?"ன்னு ஆப்பை மூடப்போறவங்க கொஞ்சம் பொறுங்க. அந்த நினைப்பு எங்கேயிருந்து வந்தது, அதுல எவ்வளவு உண்மை, மிச்சம் ஏன் நம்ம ஆட்களுக்கு ஆபத்தா முடியுதுங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

லண்டன், காஷ்மீர், மும்பை, வேலூர், வங்காளம்னு ஒரு சுற்று போயிட்டு, கடைசியில எங்க ஊர் ஏம்பலத்துக்கு வந்து சேருவோம். ஏம்பலம் தெரியாதவங்களுக்கு: புதுச்சேரியில வில்லியனூர், பாகூர் பக்கம், நெல்லும் கரும்பும் விளையற ஊர்.

ஒரு கடற்பறவையும் நாலு எழுத்தும்

தோல் புற்றுநோய் பத்தி உலகத்துக்கே தெரிஞ்ச விளம்பரம் ஆஸ்திரேலியாவோடது. 1981-ல சிட்னு ஒரு கார்ட்டூன் கடற்பறவை டிவியில ஆடிப் பாடிச்சு. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை. 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்'னு மூணு வார்த்தை. அந்த நாட்டுல ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது.

அடுத்து 1985. நியூயார்க் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர்கள் மெலனோமாவை, அதாவது தோல் புற்றுகளிலேயே ரொம்ப மோசமானதை, சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொன்னாங்க. ஏ, பி, சி, டி. மச்சத்தோட ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லையா? ஓரம் ஒழுங்கில்லாம இருக்கா? ஒரே மச்சத்துல பல நிறம் இருக்கா? 6 மில்லிமீட்டருக்கு மேல அகலமா? 2004-ல 'ஈ' சேர்ந்தது: மாறிக்கிட்டே இருக்கா?

ரெண்டுமே அருமையான வேலைதான். ஆனா ரெண்டும் யாரோட உடம்பைப் பார்த்து எழுதினதுன்னு கவனிங்க. வெளுத்த தோல், கொளுத்துற வெயில், முதுகிலயும் காலிலயும் வர்ற மச்சம். நம்ம தோல்ல மெலனின் அதிகம். அது வெயிலோட புற ஊதாக் கதிர்களை ஓரளவுக்குத் தடுத்துடுது. அதனால வெயிலால வர்ற தோல் புற்று நமக்குக் குறைவுங்கிறது உண்மை. நம்ம நினைப்புல சரியான பகுதி இதுதான்.

தவறான பகுதி என்னன்னா, வெயிலால வர்றது மட்டும்தான் தோல் புற்றுநோய்னு நினைக்கிறது. இந்தியாவுல வேலை பார்த்த மருத்துவர்கள் 150 வருஷத்துக்கும் மேல எழுதி வச்சிருக்கிறதைப் படிச்சா, நம்ம ஆட்களுக்கு அது வந்த இடங்கள் வேற: அடிவயிறு, இடுப்பு, பழைய தீக்காயம், உள்ளங்கால், ஆறாத புண். பல இடங்கள் வெயிலே படாதவை.

லண்டன், 1775: ஒரு கேள்வி பிறக்குது

உடம்புல ஒரு குறிப்பிட்ட இடத்துல புற்று வருதுன்னா, அந்த ஆளோட வாழ்க்கையில அந்த இடத்துல என்ன நடக்குதுன்னு கேக்கணும். இந்தக் கேள்வியை முதல்ல தெளிவாக் கேட்டவர் பெர்சிவல் பாட். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையோட அறுவை மருத்துவர்.

அந்தக் காலத்து லண்டன்ல புகைபோக்கிக்குள்ள சின்னப் பசங்களை ஏறவிட்டுக் கரி துடைப்பாங்க. அந்தப் பசங்க பெரியவங்களானதும் பலருக்கு விதைப்பையோட தோல்ல புண் வந்தது. அதைப் பால்வினை நோய்னு சொல்லி மருந்து கொடுத்துக்கிட்டிருந்தாங்க. 1775-ல பாட் எழுதினார்: இது புற்று, காரணம் தோல் மடிப்புல தங்கற புகைக்கரி. ஒரு தொழிலுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் தெளிவா எழுதினது அப்போதான்.

1892-ல ஹென்றி பட்லின்னு இன்னொரு மருத்துவர், இந்த நோய் இங்கிலாந்துல மட்டும் ஏன் இவ்வளவு இருக்குன்னு தேடினார். ஐரோப்பாவோட மத்த நாடுகள்ல அதே வேலை செஞ்சவங்க உடம்பை மூடற உடுப்பு போட்டாங்க, வேலை முடிஞ்சதும் குளிச்சாங்க. பெரிய மருந்து எதுவும் தேவைப்படலை. உடுப்பும் சோப்பும்தான் காப்பாத்தியிருக்கு.

1915-ல ஜப்பான்ல யாமகிவா, இச்சிகாவான்னு ரெண்டு பேர் முயல் காதுல மாசக்கணக்கா தார் பூசிப் பூசிப் புற்றை வரவழைச்சுக் காட்டினாங்க. பாட் சொன்னதுக்கு ஆய்வுக்கூடத்துல சாட்சி கிடைக்க 140 வருஷம் ஆச்சு. சாட்சி வர்றதுக்கு முன்னாடியே குளிச்சவங்க தப்பிச்சாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க.

காஷ்மீர்: மடியில நெருப்பு

இப்ப இந்தியாவுக்கு வருவோம். காஷ்மீர் குளிருக்கு அங்கத்து மக்கள் காங்ரின்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. பிரம்புக் கூடைக்குள்ள ஒரு மண்சட்டி, சட்டிக்குள்ள தணல். அதை பெரன்ங்கிற நீளமான அங்கிக்குள்ள, வயித்துக்கும் தொடைக்கும் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருவாங்க, நடப்பாங்க.

1866-ல எல்ம்ஸ்லிங்கிற ஸ்காட்லாந்து மிஷன் மருத்துவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு பண்ணார். காஷ்மீரிகளுக்கு அடிவயித்துத் தோலிலயும் தொடையிலயும் புற்று வருது. வேற எங்கேயும் பார்க்காத இடம். அதுக்குக் காரணம் காங்ரி சூடு. ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில வேலை பார்த்த ஆர்தர் நெவ், எர்னஸ்ட் நெவ்ங்கிற சகோதரர்கள் வருஷக்கணக்கா கணக்கு எழுதினாங்க. அந்த ஒரு மருத்துவமனையில மட்டும் ஏராளமான காங்ரிப் புற்றுகள்.

இது எப்படி நடக்குதுன்னா, கொப்புளம் வர்ற அளவுக்குச் சூடு இருக்காது. இதமான சூடு, ஆனா தினமும், வருஷக்கணக்கா. முதல்ல தோல்ல வலை பின்னின மாதிரி பழுப்புக் கோடுகள் வரும். பிறகு தோல் தடிக்கும். எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு புண் வரும், அது ஆறாது.

நம்ம ஐடி மக்களுக்கு ஒரு இடைச்செருகல். அதே வலைக்கோடு 2004-லேர்ந்து மருத்துவ இதழ்கள்ல மறுபடியும் வர ஆரம்பிச்சது, தொடையில. காரணம் மடியில வச்ச லேப்டாப். பயப்பட வேண்டாம், சீக்கிரம் கவனிச்சு சூட்டை நிறுத்தினா பொதுவா மங்கிடும். ஆனா மேசைன்னு ஒண்ணு இருக்கு, அதுல வைங்க. இடுப்பு வலிக்கு ராத்திரி முழுக்க ஹீட்டிங் பேடை வச்சுக்கிட்டுத் தூங்கற பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

மும்பை, 1945: வேட்டியும் புடவையும்

அடுத்து வர்றவர் வசந்த் ராம்ஜி கானோல்கர். இந்தியாவோட நோய்க்குறியியல் துறைக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தர். 1941-ல மும்பையில திறந்த டாடா மெமோரியல் மருத்துவமனையில வேலை பார்த்தவர். 1945-ல அவரும் சூர்யாபாயும் சேர்ந்து பழக்கவழக்கங்களால இந்தியாவுல வர்ற மூணு புது வகைப் புற்றுகள் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல ஒண்ணு வாய் சம்பந்தப்பட்டது: சுருட்டோட நெருப்பு முனையை வாய்க்குள்ள வச்சுப் புகைக்கறதால அண்ணத்துல வர்ற புற்று. ஆந்திரக் கடலோரத்துல இந்தப் பழக்கம் அதிகம்.

இன்னொண்ணு வேட்டிப் புற்று. வேட்டியை இடுப்புல ஒரே இடத்துல, ஒரே இறுக்கத்துல, முப்பது நாப்பது வருஷம் கட்டறாங்க. அந்த இடத்துத் தோல் வேர்வையிலயும் உரசல்லயும் முதல்ல கறுத்து, பிறகு வெளுத்து, செதில் செதிலாகி, வெடிச்சு, கடைசியில சிலருக்குப் புற்றாகுது.

அறுபது வருஷம் கழிச்சு, 2005-ல, மும்பை மருத்துவர்கள் அதே விஷயத்தைப் பெண்கள்ட்ட பார்த்து 'புடவைப் புற்று'ன்னு எழுதினாங்க. 2024 நவம்பர்ல மகாராஷ்டிராவோட வர்தா, பீகாரோட மதுபனி மருத்துவர்கள் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல இன்னும் ரெண்டு பேரைப் பத்தி எழுதினாங்க. ஒருத்தருக்கு 70 வயசு. வலது விலாவுக்குக் கீழ 18 மாசமா ஆறாத புண். இன்னொருத்தருக்கு அறுபதுகளோட கடைசி. நாப்பது வருஷமா இடுப்புல இறுக்கிக் கட்டற லுக்டாங்கிற புடவை. புண் வந்து ரெண்டு வருஷம். அவர் மருத்துவமனைக்கு வந்தப்போ புற்று தொடை இடுக்குல இருந்த ஒரு நெறிக்கட்டிக்கும் பரவியிருந்தது.

இந்தச் செய்தி வெளிவந்தப்போ, புடவையே புற்று தருதுன்னு தலைப்பு போட்டவங்களும் உண்டு, நம்ம கலாசாரத்தைக் கிண்டல் பண்றாங்கன்னு கோவப்பட்டவங்களும் உண்டு. ரெண்டு பேரும் விஷயத்தைத் தவறவிட்டாங்க. கோடிக்கணக்கான பெண்கள் புடவை கட்டறாங்க, அதுல இது வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். பிரச்சினை துணியில இல்ல, இடுப்புல ஒரே இடத்துல இறுக்கிக் கட்டறதுல. ஒல்லியான நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டா முழு அழுத்தமும் ஒரு கோட்டுல விழுது. இதுக்கான தீர்வு எந்தத் தையல் கடையிலயும் கிடைக்கும்: அகலமான பட்டை, தளர்வான முடிச்சு, அப்பப்போ கட்டற இடத்தைக் கொஞ்சம் மேலயோ கீழயோ மாத்தறது. கோடு ஏற்கெனவே புண்ணாகியிருந்தா, ஆறற வரைக்கும் நாடாவே வேண்டாம், எலாஸ்டிக் போதும்.

ஆனா இங்க என்னை உறுத்தறது அந்த 18 மாசமும் ரெண்டு வருஷமும்தான். புண் தினமும் வலிச்சிருக்கும், துணியில ஒட்டியிருக்கும். அவங்க ஏன் அவ்வளவு நாள் காட்டலை? இதுக்குத் திரும்ப வருவோம்.

புண் எப்படிப் புற்றாகுது?

தோல் தன்னைத்தானே சரி பண்ணிக்கிற உறுப்பு. வெட்டுப்பட்டா ஓரத்து செல்கள் வேகமாப் பிரிஞ்சு பள்ளத்தை மூடும், மூடினதும் நிறுத்திக்கும். அதே இடத்துல திரும்பத் திரும்பக் காயம் பட்டா அந்த வேலைக்கு முடிவே வராது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணுவைப் பிரதி எடுக்கணும், பிரதி எடுக்கறப்போ பிழை விழும். வருஷக்கணக்கா அந்தப் பிழைகள் சேர்ந்தா, ஒரு கட்டத்துல நிறுத்தச் சொல்ற கட்டளையே வேலை செய்யாம போகும். நம்ம தொழில் பாஷையில, வெளியேற வழியில்லாத லூப்.

தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வர்ற இந்தப் புற்றுக்கு மார்ஜோலின் புண்ணுன்னு பேர். 1828-ல இப்படித் தழும்புல வளர்ற புண்களை விவரிச்சவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின். அவர் பேரை இதுக்கு 1903-ல டா கோஸ்டாங்கிற அமெரிக்க மருத்துவர் வச்சார். தீக்காயத் தழும்புல இது வர பெரும்பாலும் பல பத்து வருஷம் ஆகும். சின்ன வயசுல ஸ்டவ் வெடிச்சோ, வென்னீர் கொட்டியோ, மத்தாப்பு பட்டோ வந்த பெரிய தழும்பு, நாப்பது அம்பது வயசுல திடீர்னு வெடிச்சுப் புண்ணானா, "பழைய காயம்தானே"ன்னு விடக் கூடாதுங்கிறது இதனாலதான். எல்லாத் தழும்பும் இப்படி ஆகாது, ரொம்பச் சிலதுதான். ஆனா காலம் இருக்கு, பார்க்க அவகாசம் இருக்கு. அதுதான் இதுல நல்ல செய்தி.

வேலூர்: வலிக்காத கால்

நாடா வலிக்கும், தீக்காயம் வலிக்கும். வலியே இல்லாத புண் இன்னும் மோசம். இதைப் புரிய வச்சவர் பால் பிராண்ட். கொல்லிமலையில பிறந்த ஆங்கிலேயர், 1946-ல வேலூர் சி.எம்.சி-க்கு அறுவை மருத்துவரா வந்தார். தொழுநோய் வந்தவங்களுக்குக் கையும் காலும் தானா அழுகி விழும்னு எல்லாரும் நம்பின காலம் அது. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். நோய் நரம்பைக் கெடுக்குது, உணர்ச்சி போயிடுது. அப்புறம் முள் குத்தினாலும், செருப்பு அழுத்தினாலும் தெரியாது. தெரியாம அதே இடத்தை மிதிச்சுக்கிட்டே இருக்காங்க. காலைத் தின்னது கிருமி இல்ல, கவனிக்கப்படாத காயம்.

அதுக்கு அவரும் கூட வேலை செஞ்சவங்களும் கண்டுபிடிச்ச வைத்தியத்துல முக்கியமானது ஒரு செருப்பு. மைக்ரோசெல்லுலார் ரப்பர்னு மெத்துன்னு ஒரு அடித்தட்டு, பாதத்தோட அழுத்தத்தைப் பரவலாக்கும். இன்னிக்கும் தொழுநோய், சர்க்கரை நோய்க்காரங்களுக்கு எம்.சி.ஆர் செருப்புன்னு கொடுக்கறது இதைத்தான். கூடவே ஒரு பாடம்: தினமும் ராத்திரி பாதத்தைப் பார்.

தொழுநோய்ப் புண் பல வருஷம் ஆறாம இருந்தா அதுலயும் புற்று வரும்னு இந்திய மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. தொழுநோய் இப்ப வெகுவாக் குறைஞ்சிடுச்சு. ஆனா சர்க்கரை நோயால கால் மரத்துப்போனவங்க நம்ம ஒவ்வொருத்தர் வீட்டிலயும் இருக்காங்க. அவங்க காலைக் காப்பாத்தற வழியும் அதே ராத்திரிப் பார்வைதான்.

பாப் மார்லியோட கட்டைவிரல்

1977-ல பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்குக் கீழ ஒரு புண். ஃபுட்பால் ஆடினப்போ பட்ட காயம்னு நினைச்சாங்க. பரிசோதனையில மெலனோமா. விரலை எடுத்துடலாம்னாங்க மருத்துவர்கள். அவரோட மத நம்பிக்கை அதுக்கு இடம் கொடுக்கலை. நகத்தையும் அதுக்கடியில இருந்த திசுவையும் மட்டும் எடுத்தாங்க. 1981 மே 11-ல, 36 வயசுல, புற்று உடம்பெல்லாம் பரவி இறந்தார். அந்த ஆஸ்திரேலியக் கடற்பறவை பாடினதும் அதே வருஷம்தான்.

உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, இந்த மூணு இடத்துல வர்ற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கறுத்த தோல்ல மெலனோமா வந்தா அதிகமா வர்றது இந்த வகைதான். நம்ம கிராமத்துல வெறுங்காலோட சேத்துல நிக்கறவங்க உள்ளங்கால்ல ஒரு கறுப்பு இருந்தா என்ன சொல்லுவோம்? சேறு, ஆணி, சேத்துப்புண், ரத்தக்கட்டு. பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். அதனாலேயே அது இல்லாத அந்த ஒண்ணு ஒளிஞ்சுக்குது.

வங்காளம்: தண்ணீர்ல வந்தது

கடைசி நிறுத்தம், சுருக்கமா. 1983 வாக்குல கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியோட தோல் மருத்துவர் கே.சி. சாஹாகிட்ட கிராமங்கள்லேர்ந்து நோயாளிகள் வந்தாங்க. உடம்புல மழைத்துளி தெறிச்ச மாதிரி புள்ளிகள், உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் சொரசொரப்பான முடிச்சுகள். அவர் தோலோட நிக்காம, நீங்க எங்கத் தண்ணி குடிக்கறீங்கன்னு விசாரிச்சார். பதில்: அடிபம்பு. குளத்துத் தண்ணியால வர்ற வயித்துப்போக்கைத் தடுக்கறதுக்காகப் போட்ட குழாய்க் கிணறுகள்ல, நிலத்தடியிலேயே இருந்த ஆர்சனிக் கலந்து வந்திருக்கு. அந்த முடிச்சுகள் சிலருக்குப் பின்னாடி தோல் புற்றா மாறுது. பாட் கேட்ட அதே கேள்வி, 200 வருஷம் கழிச்சு, ஒரு கிணத்தைக் காட்டிக் கொடுத்தது.

ஏம்பலம்: தகவலை ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தறது

இப்ப எங்க ஊர். 1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையங்கள் தொடங்கிச்சு. வில்லியனூர்ல தலைமை மையம், அங்கேயிருந்து ரேடியோ வழியா கிராமத்துக் கணினிகளுக்குத் தகவல் போகும். ஏம்பலத்து மையம் இருந்தது கோயிலை ஒட்டி. 2000-வது வருஷம் மே மாசம் நியூயார்க் டைம்ஸ்ல எங்க ஊரைப் பத்தி ஒரு பெரிய கட்டுரையே வந்தது. இந்தியாவுல பல நகரத்து வீடுகளுக்கே இன்டர்நெட் எட்டாத காலம் அது.

அந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்ச விஷயம் கணினி இல்லை. வர்ற தகவலை அப்படியே கொடுக்கக் கூடாதுங்கிற விதி. அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல அலையோட உயரம் பத்தி முன்னறிவிப்பு வரும். அதை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. உலகத் தகவல், ஆனா அந்தக் கரையில நிக்கறவருக்கு இன்னிக்குப் படகு இறக்கலாமா வேணாமான்னு புரியற மாதிரி.

தோல் புற்றுநோய் விஷயத்துல நாம செய்யாம விட்டது அந்த மாத்தற வேலைதான். ரீல்ஸ்ல வர்றது இன்னும் கடற்கரையும் சன்ஸ்கிரீனும்தான். அதனால மேல சொன்ன வரலாற்றை வச்சு நம்ம உடம்புக்கான பட்டியல் இது.

இடுப்பு: நாடா, வேட்டி முடிச்சு, அரணாக்கயிறு, பெல்ட் அழுத்தற கோட்டைப் பாருங்க. கறுத்திருந்தாலோ வெளுத்திருந்தாலோ கட்டறதைத் தளர்த்துங்க. வெடிப்போ புண்ணோ இருந்தா மருத்துவர்ட்ட காட்டுங்க.

பழைய தழும்பு: தீக்காயம், விபத்துத் தழும்பு திரும்பத் திரும்ப வெடிக்குதா, தடிக்குதா, புதுசா வலியோ ரத்தமோ வருதா?

உள்ளங்கால், உள்ளங்கை: ஒழுங்கில்லாத ஓரத்தோட, பெருசாகிக்கிட்டே போற கறுப்பு. ரத்தக்கட்டா இருந்தா சில வாரத்துல வெளியே தள்ளிக்கிட்டே போய் மறையும். மறையாட்டி காட்டணும். மாசம் ஒரு தடவை போன்ல போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ரூபாய் காசு வச்சு. அளவு மாறுதான்னு தெரிஞ்சுடும்.

நகம்: நம்ம நிறத்துக்குப் பல நகங்கள்ல மெல்லிசா கறுப்புக் கோடு இருக்கறது சகஜம். ஒரே ஒரு நகத்துல புதுசா வந்து, அகலமாகி, நகத்தைச் சுத்தியிருக்கிற தோலுக்கும் கறுப்பு பரவினா உடனே காட்டணும்.

ஆறாத புண், எங்க இருந்தாலும்: நாலு வாரம். அதுக்கு மேல ஆறலைன்னா மருத்துவர். ஓரம் தடிச்சு மேல எழும்பறது, தொட்டா ரத்தம், கெட்ட வாடை, தொடை இடுக்குல நெறி கட்டறது இருந்தா நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வெயில்: நமக்கு ஆபத்து குறைவுன்னு சொன்னேன், இல்லவே இல்லைன்னு சொல்லலை. ஆயுசு முழுக்க வயல்ல நின்ன பெரியவங்களுக்கு மூக்கு, காது, கண் ஓரம், கீழுதட்டுல ஆறாத முத்து மாதிரி கட்டியோ புண்ணோ வரலாம். முண்டாசும் முழுக்கைச் சட்டையும் அவங்க ஏற்கெனவே போடற பாதுகாப்புதான், தொடரட்டும். பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவங்களுக்கு மட்டும் அந்த ஆஸ்திரேலியப் பாட்டு வரிக்கு வரி பொருந்தும். அந்தக் குழந்தைகளுக்குத் தொப்பி, முழு உடுப்பு, சன்ஸ்கிரீன் எல்லாமே சின்ன வயசிலேர்ந்தே கட்டாயம்.

ஏன் 18 மாசம்?

பட்டியல் எல்லாம் சரி, அதைப் பார்க்கப்போற கண்கள் யாரோடது? அந்தப் பெண்மணிகள் ஏன் காட்டலைங்கிற கேள்விக்கு எங்க வீட்டிலேயே ஒரு பதில் கிடைச்சது. எங்க அத்தைக்கு இடுப்புக் கோட்டுல ஏழு மாசமாப் புண். களை எடுக்கக் குனிஞ்சா உரசும். மஞ்சள் வச்சாங்க, தேங்காய் எண்ணெய் வச்சாங்க, யாருக்கும் சொல்லலை. துணி துவைக்கறப்போ கறையைப் பார்த்த அவங்க பொண்ணு எனக்கு போன் பண்ணினா. நான் கேட்டேன்: "ஏன் அத்தை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அத்தை சொன்னாங்க: "போடா தம்பி, இதெல்லாம் ஒரு இடமா? அங்க போய் யார்கிட்ட துணியை விலக்கிக் காட்டறது?"

பெண் மருத்துவர் இருக்கிற நாள் விசாரிச்சுக் கூட்டிட்டுப் போனோம். ஒரு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினாங்க. புற்று இல்லைன்னு வந்தது. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், பூச மருந்து, ரெண்டு மாசத்துல ஆறிடுச்சு. ஆனா அந்த ஏழு மாசம் என்னால மறக்க முடியலை. புற்றா இருந்திருந்தாலும் அதே ஏழு மாசம்தான் போயிருக்கும்.

வெட்கம் ஒண்ணு. பயாப்சி பயம் இன்னொண்ணு. "கத்தி பட்டா பரவிடும்"னு எல்லா ஊர்லயும் ஒருத்தர் சொல்லுவார். தோல் புண்ணுல சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கறதால புற்று பரவறதில்லை. பரவறது காத்திருக்கறதாலதான். கத்தி பட்டு செத்துப்போனாங்கன்னு நாம நினைக்கிற பலர், ரொம்பத் தாமதமாக் கத்திக்குப் போனவங்க. சீக்கிரம் வந்தா பெரும்பாலும் ஒரு சின்ன அறுவை, சில தையல், முடிஞ்சது. தாமதமானா நெறி, கால், உயிர்னு பேச்சு மாறும்.

மூணாவது, புண்ணு மேல எதையாவது வச்சு எரிக்கறது. சுண்ணாம்பு, ஆசிட், பேர் தெரியாத பொடி. மருவையும் பாலுண்ணியையும் இப்படி எரிச்சா, அடியில இருக்கிறது என்னன்னு மருத்துவர் பார்க்கவே முடியாம போயிடும்.

போக இடம் இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆரம்பிக்கலாம். புதுச்சேரிக்காரங்களுக்கு கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு. 1823-ல பிரெஞ்சுக்காரங்க தொடங்கின மருத்துவப் பள்ளியோட வாரிசு அது. தோல் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு ரெண்டும் ஒரே வளாகத்துல. சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்தா அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போகலாம்.

இந்த எபிசோடைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஊரை விட்டு வந்து நகரத்துல வேலை பார்க்கறவங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அம்மா, அத்தை, பாட்டிகிட்ட நாடா விஷயத்தைப் பேசுங்க. பசங்களா இருந்தா, அக்காவையோ தங்கச்சியையோ பேசச் சொல்லுங்க. அப்பா, தாத்தாவோட உள்ளங்காலைக் கழுவித் துடைச்சு, நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுங்க. பத்து நிமிஷ வேலை. எல்லாம் நல்லா இருந்தா, அந்தப் போட்டோ அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.